மருந்து ட்ரோன் விழுகிற விதங்கள்

ட்ரோனில் மருந்தடிக்கிற தொழிலில், அது பறப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான். விழுவதற்கு இத்தனை காரணம் என்று எண்ணி முடியாது. பன்னிரண்டாவது முடித்து, மேலே படிக்கப் பிடிக்காமல் இதற்கு வந்தேன். எங்கள் முதலாளி ஜமால் பாய், சவுதியிலிருந்து திரும்பி அருப்புக்கோட்டையில் ஒரே ஒரு ட்ரோன் வாங்கியவர். லைசென்ஸோடு அவரிடம் சேர்ந்தவர்கள் இரண்டு பேர், நானும் பாளையம்பட்டி கார்த்தியும். ஒரு மாதம் மாறி மாறி ஓட்ட வேண்டும். மாதக் கடைசியில் பாய் முடிவு செய்வார்: ஒருவர் கையில் ரிமோட், மற்றவர் கையில் மருந்து கலக்கும் வாளி. எனக்கு ரிமோட்தான் வேண்டும். புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களே, நீங்கள் படப்போவதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

அடியில் புழுதி

பயிற்சி வகுப்பில் தூக்குவிசை, எடை, உந்துவிசை, இழுவை என்று அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள். மனப்பாடம் செய்தேன், புரிந்ததாகச் சொன்னால் பொய். பாயிடம் சேர்ந்த முதல் நாள், காலி நிலத்தில் ட்ரோனை ஆள் உயரத்துக்கு ஏற்றி நிறுத்தினேன். அடியிலிருந்து புழுதி நாலாபக்கமும் பறந்தது. அப்போதுதான் மண்டையில் ஏறியது. இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, தள்ளின வேகத்துக்குக் காற்று இதை மேலே தள்ளுகிறது. அவ்வளவுதான் விஷயம்! உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய் கார்த்தியிடம் அதையே மூன்று தடவை சொன்னேன்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "புரிஞ்சிருச்சுல்ல, எறக்கு புள்ள. எனக்குக் கண்ணு பூரா மண்ணு."

இன்னும் அரை வாளி

பாலவனத்தம் கிராமத்தில் மணி பத்துக்கே வெயில் கொளுத்தியது. சூடேறினால் காற்று லேசாகிவிடும். லேசான காற்றைத் தள்ளினால் தூக்குகிற பலமும் குறையும். அதனால் டேங்கைக் குறைத்து ஊற்றினேன். பருத்திக் காட்டுக்குச் சொந்தக்காரர் வாளியோடு வந்து, நிறைத்து ஊற்று என்று நின்றார். "எடை கூடிரும் பெரியப்பா, தூக்காது" என்றேன். ட்ரோனைச் சுற்றி வந்து ஒவ்வொரு இறக்கையாகத் தொட்டுப் பார்த்தார்.

"ஒத்தச் சைக்கிள்ல ஒரு மூட்டைப் பருத்திய வச்சு நான் டவுனுக்குப் போயிருக்கேன். இதுக்கு ஆறு றெக்கை இருக்கு, என்ன நோவு?"

அரை டேங்க்

திருச்சுழிப் பக்கம் கார்த்தியின் முறை. டேங்க் பாதி காலி. காட்டின் கடைசிவரை வேகமாகக் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்தினான். உள்ளே இருந்த மருந்துத் தண்ணீர் மொத்தமும் முன்பக்கம் அலையாக மோத, ட்ரோன் தலை குப்புறச் சாய்ந்து வேலியோரத்துச் சீமைக்கருவேலத்தில் போய்ச் செருகிக்கொண்டது. இரண்டு இறக்கை முறிந்தது. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். ரிமோட் என் பக்கம் வருகிறதே.

பாய் ஓடிவந்து, ஏன் நிறுத்தவில்லை என்று கத்தினார். கார்த்தி சொன்னான்: "நான் நிறுத்திட்டேன் பாய். உள்ள இருந்த தண்ணிதான் நிக்கல."

சொந்தக் காற்று

மாதத்தின் கடைசி நாள், எம்.ரெட்டியபட்டி. என் முறை. நான் இன்னும் ஒரு தடவைகூடக் கீழே போடவில்லை. அடித்து முடித்தாயிற்று, இறக்குவது மட்டும்தான் பாக்கி. களையெடுக்க வந்தவர்கள் வேடிக்கை பார்க்கவும் எனக்குக் கொழுப்பு ஏறியது. பனை உயரத்துக்கு ஏற்றி, நேர் கீழே விறுவிறுவென்று இறக்கினேன்.

பாதியில் ட்ரோன் உதறியது. பிறகு கல் மாதிரி இறங்கியது. தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே அது விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கலங்கின காற்றில் இறக்கைக்குப் பிடிமானம் இல்லை. பவரைக் கூட்டினால் இன்னும் கலங்கும். நான் கூட்டினேன். கார்த்தி வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் ரிமோட் அவனுக்கு. "கூட்டாத புள்ள, பக்கவாட்டுல தள்ளு" என்று கத்தினான். தள்ளினேன். நல்ல காற்று கிடைத்ததும் பருத்திச் செடியின் நுனியில் கப்பென்று பிடித்து நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது.

பாய் பம்ப்செட்டுப் பக்கம் இருந்ததால் எதையும் பார்க்கவில்லை. நல்லபடியா இறக்கிட்டியா என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். எனக்கு வாய் நிற்காது. "நான் தப்பா எறக்கினேன் பாய். இவன் கத்தலைன்னா உங்க ட்ரோனு போயிருக்கும்."

பாய் குனிந்து ட்ரோனைத் துடைத்தார். "நெசத்தச் சொன்ன, சந்தோசம். ஆனா நம்மகிட்ட இருக்கிறது ஒண்ணுதாம்மா, அதக் காப்பாத்தத் தெரிஞ்சவன் அவன். ரிமோட்ட அவன்ட்ட குடுத்துரு."

ஆக, விழுந்தவன் ஓட்டுகிறான், விழாதவள் மருந்து கலக்குகிறாள் என்றாலும், அந்தச் செடி நுனியில் காற்று மறுபடி பிடித்ததே, அதை இன்னொரு தடவை கையில் உணர நான் இந்த வேலையை விட்டு நகர்வதாக இல்லை.