லாக்டோமீட்டரில் அளந்த கடல்

1. நாற்றம்

காரைக்கால் தலத்தெருவில் லூர்துசாமி வீட்டுக்கு நான் போனபோது, நாற்றம் எனக்கு முன்னால் வாசலுக்கு வந்து நின்றது. தொட்டியில் நான் வைத்த இரண்டாவது கடல் சாமந்தியும் செத்துப்போயிருந்தது. மீன் செத்தால் மிதக்கும், எடுத்துப் போட்டுவிடலாம். கடல் சாமந்தி பார்க்கத்தான் பூ, கல்லில் ஒட்டி வாழும் பிராணி; செத்தால் கரைந்து, தொட்டி முழுவதையும் நாறடித்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. காரைக்காலில் கண்ணாடித் தொட்டி செய்து, வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் தொழில் எனக்கு. நல்ல தண்ணீர்த் தொட்டிகள் நிறைய வைத்திருந்தேன். கடல் தண்ணீர்த் தொட்டி என்று வைத்தது லூர்துசாமி ஐயா வீட்டில்தான். பிரெஞ்சுக் கப்பல்களில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவர். காலில் அடிபட்டு வீட்டோடு இருந்தார். கடற்கரை வரை நடக்க முடியாது. "கடலப் பாக்காம எனக்குச் சோறு எறங்கலய்யா, கலியபெருமாளு. அதக் கொஞ்சம் ஊட்டுக்குள்ள கொண்டாந்து வையி" என்று கேட்டுத்தான் என்னை அழைத்தார்.

அவர் மனைவி அந்தோணியம்மாள் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார்:

"தம்பி, அந்த மூல வருசா வருசம் நான் கிறிஸ்மஸ் குடில் வைக்கிற மூல. ஆசப்படுறாரேன்னுதான் வுட்டேன். இன்னும் ஒண்ணு கொண்டாந்து வைங்க. குடில் வைக்கிற நாளுக்குள்ள அதுவும் இப்புடிப் போச்சுன்னா, தொட்டியத் தூக்கிட்டுப் போயிடுங்க."

லூர்துசாமி ஐயா தலையைக் குனிந்துகொண்டார். வாய்ச் சவடாலுக்குப் பேர் போன மனிதர் அப்படி உட்கார்ந்திருந்தது எனக்கே பொறுக்கவில்லை.

2. எருமைப் பால்

மூன்றாவதைத் தரங்கம்பாடிக் கரையில் கடலுக்குள் கிடக்கும் கற்களிலிருந்து கொண்டுவந்தேன். கல்லிலிருந்து பிய்த்து எடுக்கவில்லை, கல்லோடு எடுத்தேன். அதன் அடிப்பாகம் கிழிந்தால் எந்த வைத்தியமும் பலிக்காது. தொட்டியில் மணலுக்கு அடியில் ஃபில்டர் தட்டு இருந்தது, ஏர் பம்ப் ஓடியது, ஜன்னல் வெளிச்சம் விழுந்தது. என் வேலையில் குறை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சில நாளில் இதுவும் சுருங்க ஆரம்பித்தது.

தொட்டித் தொழிலுக்கு வருமுன் கோட்டுச்சேரியில் பால் சொசைட்டியில் டெஸ்டராக இருந்தேன். பாலில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குச்சியான லாக்டோமீட்டர் ஒன்று வீட்டில் கிடந்தது. பால் என்ன, கடல் என்ன, கனம் கனம்தானே என்று அதை எடுத்துப்போய் முதலில் கடற்கரையில் விட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு. பிறகு லூர்துசாமி ஐயா தொட்டியில் விட்டேன். முப்பத்தொன்றில் நின்றது, கடலைவிடக் கனம். சொசைட்டியில் அந்தப் புள்ளி காட்டினால் நல்ல எருமைப் பால் என்று எழுதிக்கொள்வோம்.

"ஐயா, தொட்டில தண்ணி கொறைஞ்சா என்ன பண்றீங்க?"

"என்ன பண்ணுவாங்க? கடல் தண்ணி கொறைஞ்சா கடல் தண்ணிதான் ஊத்தணும். கிளிஞ்சல்மேட்டுலேருந்து மீன் கொண்டார அஞ்சம்மா தெனம் ஒரு கொடம் கொண்டாந்து தருது."

அதுதான் விஷயம். காற்றில் போவது தண்ணீர் மட்டும், உப்பு போகாது. உப்பு இருக்கிற இடத்தில் மேலும் உப்புத் தண்ணீரை ஊற்றினால் தொட்டி உப்பளமாகிவிடும். இதை நான் சொன்னதும் ஐயாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"நான் எத்தன கடலப் பாத்தவன்னு தெரியுமா? நீ பால்காரன் குச்சிய வச்சுக்கிட்டு எனக்குக் கடலச் சொல்லித் தரியா?"

அடுப்படியிலிருந்து அந்தோணியம்மாளின் குரல் வந்தது. "கொழம்பு சுண்டிப்போனா என்னங்க ஊத்துவோம்? வெந்நீரத்தான ஊத்துவோம். மேல மேல கொழம்பையே ஊத்துனா நீங்க வாயில வைப்பீங்களா?"

ஐயா என்னைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார். "சரி, ஊத்தித் தொல" என்றார்.

குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மருந்து வாடை போக ஒரு நாள் திறந்து வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். ஒரே நாளில் இறக்கியிருந்தால் அந்த அதிர்ச்சியிலேயே செத்திருக்கும். அளவு இறங்க இறங்க சாமந்தியும் விரிந்தது. லாக்டோமீட்டரை ஐயாவிடமே கொடுத்துவிட்டு வந்தேன். அதை அவர் சட்டைப் பையில் பேனா மாதிரி குத்திக்கொண்டு திரிந்தார்.

3. ஊற்றாத குடம்

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. என் வீடு இருந்த கோட்டுச்சேரி பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறி, நான் காரைக்காலுக்கு வர முடியாமல் கிடந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு வினை நடந்தது. சாமந்திக்குத் தீனியாகக் குட்டி இறால் துண்டு ஒன்று, அதுவும் வாரத்துக்கு இரண்டு தடவை போதும் என்று சொல்லியிருந்தேன். அந்தோணியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. தொட்டியைத் திட்டுவார், ஆனால் அவர் வீட்டில் ஒரு ஜீவன் அரை வயிறாகக் கிடக்கக் கூடாது. முழு இறாலாக உரித்துப் போட்டுவிட்டார். தின்றது போக மிச்சம் மணலில் அழுகித் தண்ணீர் கலங்கிவிட்டது. சாமந்தி பழையபடி மூடிக்கொண்டது.

தண்ணீர் வடிந்து நான் ஓடி வந்தபோது வாசலில் அஞ்சம்மாளின் பிளாஸ்டிக் குடம் நிறைந்தபடி நின்றது. உள்ளே ஐயா குச்சியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"கலியபெருமாளு, கலங்குன தண்ணிய மாத்தலாம்னு கொண்டாரச் சொன்னா, ஒங் கடல்ல தண்ணி கலந்திருக்காங்கய்யா. பன்னெண்டுதான் காட்டுது. ஊத்தாதன்னுட்டேன்."

வாங்கிப் பார்த்தேன், பன்னிரண்டுதான். அரசலாற்று வெள்ளம் முழுக்கக் கடலில் வந்து விழுந்துகொண்டிருந்தது. சொசைட்டியில் இப்படிப் பால் கொண்டுவந்தவரைக் கேள்வி கேட்போம். கடலை யார் கேட்பது? அந்தக் குடத்தை ஊற்றியிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். சந்தோஷத்தில் எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் அழுகிய தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும், மாற்ற நல்ல கடல் இல்லை. எனக்கு வழி தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

"ஆத்துத் தண்ணி லேசு. மேலதான் மெதக்கும். அடியில கடல் கடலாதான் கெடக்கும். ஒரு கேன்ல கல்லக் கட்டி, வாயத் தக்கையால அடைச்சு, அடிக்கு எறக்கு. தக்கையில தனியா ஒரு கயிறு கட்டி அங்க வச்சு இழு. ரொம்புனதும் தூக்கு."

மழை விட்ட காலையில் அஞ்சம்மாளின் புருஷன் கட்டுமரத்தில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். அலை தூக்கிப் போட்டதில் நான் கட்டையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே தக்கைக் கயிற்றை இழுத்தார். மேலே வந்த தண்ணீரில் குச்சியை விட்டேன். இருபத்திரண்டு.

4. குடில்

மணலை அலசி, பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு வந்தேன். சாமந்தி அப்போதும் மூடித்தான் இருந்தது. மறுபடி மழை. அடுத்து நான் போக முடிந்தபோது ஊரில் வீடுகளில் நட்சத்திரம் கட்டத் தொடங்கியிருந்தார்கள். வாக்கு வாக்குதான் என்று, தொட்டியைக் கட்டித் தூக்க ஒரு சாக்கும் கயிறும் சைக்கிளில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் எனக்கு ஐயாவின் முகம்தான் நினைவில் ஓடியது.

உள்ளே நுழைந்ததும் தையல் மிஷின்தான் கண்ணில் பட்டது. அதன் மேல் வைக்கோல் பரப்பி, காகிதத்தில் மலை செய்து, ஆடு மாடெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு குடில் உட்கார்ந்திருந்தது. மூலையில் தொட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே சாமந்தி ஒரு கை அகலத்துக்கு விரிந்து ஆடிக்கொண்டிருந்தது. ஐயா அதன் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு தட்டில் சோறு தின்றுகொண்டிருந்தார். நான் வந்ததையே அவர் கவனிக்கவில்லை.

அந்தோணியம்மாள் என்னைப் பார்த்ததும் முந்திக்கொண்டார். "பொறந்தப்ப மாட்டுக் கொட்டில்ல இருந்தவரு, தம்பி. தையல் மிசின் போதாதா? அது அங்கயே இருக்கட்டும், வெளிச்சம் அங்கதான் வுழுவுது."

அளந்து பார்க்கலாம் என்று ஐயாவின் சட்டைப் பையைப் பார்த்தேன். அங்கே குச்சி இல்லை.

"இருபத்திரண்டு" என்றார் அந்தோணியம்மாள். "காலையிலயே நான் பாத்துட்டேன்."

பிறகு நான் வைத்த கடல் தொட்டிகளில் பம்ப் மாறியது, லைட் மாறியது, ஒட்டும் பசை மாறியது. ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றவில்லை. தொட்டி கேட்டவர் யாராக இருந்தாலும் சரி, அந்த மூலை வீட்டில் யாருடையது என்று முதலில் விசாரிப்பேன். லாக்டோமீட்டரை அவர் கையில்தான் கொடுத்துவிட்டு வருவேன்.