முனியனும் நானும் மண்டையைப் படமெடுக்கப் போனோம்

மூளையைப் படமெடுக்கக் கோலாலம்பூர் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தைப்பூசம் முடிந்த வாரம். குடி மூளையை என்ன செய்கிறது என்று ஒரு டாக்டரம்மா ஆராய்ந்துகொண்டிருந்தார். குடிப்பவர் ஒருவர், அதே வயதில் குடிக்காதவர் ஒருவர் என்று ஜோடியாக ஆள் கேட்டார். எங்கள் ரப்பர் தோட்டத்தில் குடிப்பவன் முனியன், பக்கத்து வீட்டுக்காரன். சம்சு என்ற மலிவுச் சாராயம்தான் அவனுக்குச் சோறு. குடிக்காதவன் நான். இரண்டு வீட்டிலும் வேறு ஆள் கிடையாது.

காலை ஆறு மணிக்குத் தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான கோலா பிலாவில் டாக்சி. சிரம்பான் நாற்பது கிலோமீட்டர், கட்டணம் ஆளுக்கு நான்கு வெள்ளி.

"எங்கண்ணே, கல்யாணத்துக்கா?" என்றார் டிரைவர்.

"இல்லலா. இவன் மண்டைக்குள்ள எலி ஓடுதான்னு பாக்க."

முனியன் சிரித்தான். மலை வளைவில் என் பக்கம் திரும்பி, "ஒன் பேரு என்னா?" என்றான். அந்த மாதத்தில் மூன்றாவது தடவை.

"ஒன் மாமன்டா" என்றேன். அவன் மறந்தால் என்ன, இருவருக்கும் சேர்த்து நான் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

சிரம்பானிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஆஸ்பத்திரியில் கடுக்கனைக் கழற்றச் சொல்லி, பெரிய வளையத்துக்குள் தலையைத் தள்ளினார்கள். வலியில்லை. மதியம் இரண்டு படத்தையும் விளக்கில் மாட்டினார்கள். இரண்டிலும் மூளை சுருங்கி, ஓரமெல்லாம் கறுப்புப் பள்ளம்.

"அங்கிள், நீங்க குடிப்பீங்களா?" என்று என்னைக் கேட்டார் டாக்டரம்மா.

"சேச்சே. சாயங்காலம் கள்ளு மட்டுந்தாம்மா."

"எத்தன வருஷமா?"

"பால்மரம் சீவ ஆரம்பிச்சதுலேர்ந்து."

"கள்ளும் குடிதானே, அங்கிள்?"

தோட்டத்தில் அப்படி யாரும் சொன்னதில்லை. கள்ளு உடம்புச் சூட்டுக்கு. குடி என்றால் சம்சு. டாக்டரம்மா என் பெயரைக் குடிக்காதவர் பட்டியலிலிருந்து அடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் நான் தலையைத் தடவிக்கொண்டே வந்தேன். முனியன் என் விலாவில் இடித்தான். "ஒனக்கும் எலிதாண்டா!" என் பெயர் தெரியாதவனுக்குக் காலையில் சொன்ன கேலி மட்டும் ஞாபகமிருந்தது.

போகிறவர்கள் நகை நட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கள்ளையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். துணைக்கு ஓர் ஆள் வேண்டும். போகும்போது அல்ல, திரும்பும்போது.

கள்ளை அன்றோடு விட்டேன். முனியன் அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். காலையில் தேத்தண்ணி கலக்கும்போது அவன் பெயரையும் என் பெயரையும் சத்தமாக ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன். தப்பாகச் சொன்னால் கேலி செய்யப் பக்கத்து வீட்டில் ஆளில்லை.