முள்மரத்தடியில்

தபித்தாள் ஹோல்ராய்டின் ஒரே குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. ஞானஸ்நானம் பெறாததைக் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்கக் கூடாது. குழிவெட்டி ஏமோஸ் துணியில் சுற்றி எடுத்துப்போனான். சுவருக்கு வெளியே முள்மரத்தடியில் வைத்ததாக வந்து சொன்னான். அதன்பின் ஞாயிறுதோறும், மழையானாலும் பனியானாலும், அவள் அங்கே நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அதைப் பற்றி அவளிடம் நாங்கள் யாரும் பேசியதில்லை.

பிறகு நகரத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்று எங்கள் பள்ளத்தாக்கின் வாயை அணை கட்டி அடைத்தார்கள். உறவினர் கேட்ட சவங்களை மேட்டிலிருந்த புதுக் கல்லறைக்கு மாற்றினார்கள். கேட்க ஆளில்லாத குழிகளின் மேல், தண்ணீரில் எதுவும் மிதந்து வராதபடி கருங்கல் பாவினார்கள்.

குழந்தையை மேட்டுக்குக் கொண்டுபோகத் தபித்தாள் ரொட்டிப் பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து எடுத்து வந்தாள். வேலையாட்கள் இருவர் முள்மரத்தடியில் தோண்டினார்கள். நான் வண்டியோடு நின்றிருந்தேன்.

“வெறும் பாறைம்மா. எலிகூட இங்க வளை போடாது.”

“கொஞ்சம் தள்ளித் தோண்டுப்பா.”

“தள்ளித் தள்ளி அணைக்கே போயிருவோம் போல.” சொன்னவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

யாரோ போய் ஏமோஸைக் கூட்டிவந்தார்கள். கிழவன் ரொட்டிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். தோண்டியவர்கள் விலகிப் போனபின்தான் தணிந்த குரலில் சொன்னான்.

“இங்க இல்ல, புள்ள.”

“நீதான சொன்ன?”

“நீ கேட்ட. ஏதாவது சொல்லணுமே. அந்த மாதிரிக் குழந்தைங்கள, அந்த வாரம் யார் செத்தாங்களோ அவங்க பெட்டியில கால்மாட்டுல வெச்சிருவேன். எங்கப்பனும் அப்படித்தான். பாதிரிக்குத் தெரியாது. கோயில் மண்ணுல கெடக்கட்டுமேன்னு.”

“யார் பெட்டியில?”

“ஜோப் கிராஷா பெட்டியில.”

ஜோப் தனிக்கட்டை. ஆடு மேய்த்தவன். அவன் மேல் சில நாட்களுக்கு முன்புதான் கல் பாவியிருந்தார்கள்.

தபித்தாள், சவம் மாற்றும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் போனாள். “ஜோப்ப நான் கேக்கறேன்.”

“நீங்க அவருக்கு என்ன வேணும்?”

அவள் ஏமோஸைத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒருவன், “ஜோப்புக்கு வீட்டுக்காரி இருந்தது இவ்வளவு நாளா தெரியாமப் போச்சே” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். ஏமோஸ் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், புதைத்த பெட்டிகளையெல்லாம் திறந்து அந்தக் குழந்தைகளை வெளியே எடுக்கச் சொல்வார் பாதிரி. தபித்தாளுக்கும் அது தெரியும்.

“ஒண்ணும் இல்ல. விடுங்க” என்றாள்.

ரொட்டிப் பெட்டியை என் வண்டியில் வைத்தாள்.

மறு வசந்தத்தில் தண்ணீர் கோயில் வாசலைத் தாண்டியது. அவள் நகரத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஒருமுறை பார்க்கப் போனேன். முற்றத்துக் குழாயில் கெண்டியை நிரப்பி அடுப்பில் வைத்தாள்.

“நம்ம பள்ளத்தாக்குத் தண்ணிதான்” என்றாள். “இங்க வேற இல்ல.”

எனக்குத் தேநீர் ஊற்றினாள். தனக்கும் ஊற்றிக்கொண்டு குடித்தாள்.