வீட்டுக்கு ஒரு மேஜோடு

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகிறேன்... மாதா கோயில் முற்றத்தில் மறுபடியும் ஒரு மரப்பெட்டி! சுற்றிலும் பாதி ஊர் நிற்கிறது. சாமியாருக்கு அடுத்தபடியாகக் கோயிலைக் கவனிக்கும் உபதேசியார் என்னைக் கண்டதும் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"வாத்தியாரே, வாங்க வாங்க. லிஸ்ட்டை நீங்கதான் வாசிக்கணும்."

உள்ளே என்ன இருக்கிறது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. கப்பலில் வந்த கம்பளிக்கென்று ஒரு புழுங்கிய வாடை உண்டு, அதுவே சொல்லிவிட்டது. தலைவலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். "வாத்தியாருக்குக் கம்பளி கடிக்கும்போல!" என்று பின்னால் யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். வாராவாரம் ஊரார் அசட்டுத்தனத்தை எல்லாம் இந்தப் பத்தியில் எழுதி உங்களைச் சிரிக்க வைக்கிற ஆள்தானே நான்? இந்த வாரம் என் முறை. சிரிப்பு வருமா என்பதுதான் சந்தேகம்.

போன வருஷம் உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த வாரம் இதே மாதிரி ஒரு பெட்டி வந்தது. சீமையில் யாரோ புண்ணியவதிகள் உட்கார்ந்து பின்னி, எங்கள் ஊர் ஏழைகளுக்கென்று அனுப்பியிருந்தார்கள். துரைமார் பூட்ஸுக்குள் போடுவார்களே மேஜோடு — அது ஒரு குவியல். முழங்கால் வரை நீளம். கூடவே கையுறைகள் ஒரு குவியல். கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறை, மற்ற நாலு விரலும் ஒரே அறையில் குடித்தனம்!

சித்திரை வெயிலில், கம்பம் பள்ளத்தாக்கில், கம்பளி. அந்தப் பெண்களுக்கு எங்கள் ஊரைப் பற்றி என்ன சொல்லி வைத்திருந்தார்களோ தெரியாது.

ஆனால் விவரமானவர்கள். ஒவ்வொரு ஜோடி கையுறையையும் நீளமான ஒரு கம்பளிக் கயிற்றால் இணைத்திருந்தார்கள். கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டால் ஒன்று தொலைந்து ஒன்று தங்காது. மேஜோடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து நூல் ஓட்டித் தைத்திருந்தார்கள்.

எங்கள் உபதேசியார் கத்தரிக்கோலை எடுத்தார். நறுக்... நறுக்... எல்லாவற்றையும் வெட்டித் தனித்தனியாக்கிவிட்டார்.

ஏன் என்கிறீர்களா? எங்கள் ஊரில் எது வந்தாலும் கூறு வைத்துத்தான் பிரிப்போம். திருவிழா ஆட்டுக்கறியானாலும் சரி, கண்மாய் மீனானாலும் சரி. வீட்டுக்கு ஒரு கூறு, ஒரு கூறில் இருப்பது அடுத்த கூறிலும் இருக்க வேண்டும். ஈரல் துண்டு சின்னதாகப் போனதற்காகப் பல வருஷம் பேசாமல் இருந்தவர்கள் உண்டு. அந்த அனுபவத்தில் பழுத்த மனிதர் உபதேசியார்.

"ரெண்டு ரெண்டாக் கொடுத்தா பாதி ஊருக்குக் கெடைக்காது. அப்புறம் சண்டைக்கு யாரு பதில் சொல்றது? வீட்டுக்கு ஒரு காலு, ஒரு கையி. பக்கத்து வீட்டோட சேந்து பொழங்கிக்கங்க. ஒத்துமையா இருந்த மாதிரியும் ஆச்சு."

யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. லிஸ்ட்டை வாசித்தது நான்தான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சமமாகப் பிரிப்பது வேறு, உபயோகமாகப் பிரிப்பது வேறு என்று பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவனுக்கே தோன்றவில்லை, பாருங்கள்!

ஒரு கையில் கையுறை, மறு கையில் மேஜோடு மாட்டிப் பெண்கள் உலைப்பானை இறக்கினார்கள். ஒருவர் மேஜோட்டில் வெற்றிலை பாக்கைப் போட்டு வைத்துக்கொண்டார். கோம்பையிலிருந்து நாய்க்குட்டி வாங்கி வந்த ஒருவர் அதன் காலில் மேஜோட்டை மாட்டிவிட்டார். அது அன்றைக்கே கடித்துக் குதறிவிட்டது. நான் என் மேஜோட்டில் பள்ளிக்கூடத்துப் பலப்பங்களைப் போட்டு ஆணியில் தொங்கவிட்டேன். அருமையான பை.

என் மேஜோட்டின் ஜோடி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது. பக்கத்து வீடு, என் சித்தப்பா மகன் சவரிமுத்துவின் வீடு. எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அவன் புதுக்கூரை போட்டபோது இறவாரத்தைச் சற்று நீட்டிவிட்டான். மழை பெய்தால் அவன் கூரைத் தண்ணீர் முழுக்க என் மண்சுவரில் விழும். சொல்லிப் பார்த்தேன், "பாக்கலாம்ணே" என்றான். இரண்டு மழைக்குப் பிறகும் பார்க்கவில்லை. பேச்சை நிறுத்தினேன்.

ஆனி பிறந்ததும் மலைமேல் அணை வேலைக்கு ஆள் எடுத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் கிளம்பினார்கள், சவரிமுத்துவும் ஒருவன். முந்தின வருஷம் போய் வந்தவர்கள் ஒரே பாட்டாகப் பாடினார்கள் — அங்கே புலிகூடப் பரவாயில்லை, அட்டைதான் எமன். மழையில் புல்லுக்குப் புல் அட்டை. கடித்த இடம் சீழ் பிடித்தால் ஆறாது. துரைமார் முழங்கால் வரை மேஜோடு போட்டு, அதன்மேல் புகையிலைத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நடக்கிறார்கள். அட்டை கிட்டே வருவதில்லை.

அவ்வளவுதான். மறுநாளே ஊரில் மேஜோட்டுக்கு மவுசு வந்துவிட்டது. மலைக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் போய் நின்றார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. வெற்றிலையைக் கொட்டிவிட்டு, கரியைத் துடைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு சவரிமுத்துவின் மனைவி அருளாயி வந்தாள். புருஷனின் அண்ணனிடம் அவள் நேருக்கு நேர் பேசுவது வழக்கமில்லை. வாசலில் நின்று என் மனைவி சூசையம்மாளிடம் சொன்னாள்.

"யக்கா, அவரு நாளைக்கு மலைக்குப் போறாரு. ஒங்கள்ட்ட இருக்கற மேஜோடக் கொடுத்தீகன்னா ரெண்டு காலுக்கும் ஆயிரும். திரும்பி வந்ததும் தொவச்சுத் தந்துர்றேன்."

உள்ளே உட்கார்ந்திருந்த நான், அவளுக்குக் கேட்கும்படி சூசையம்மாளிடம் சொன்னேன்: "மொதல்ல கூரைத் தண்ணிக்கு ஒரு வழி பண்ணச் சொல்லு. மேஜோடு அப்புறம்."

சூசையம்மாள் என்னை முறைத்தாள். அருளாயி திரும்பிப் போய்விட்டாள். நியாயம் என் பக்கம் இருந்தது என்பதை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. தண்ணீர் என் சுவரில்தான் விழுந்தது. நியாயம் நம் பக்கம் இருக்கும்போது மனுஷனுக்கு வருகிற தைரியம் இருக்கிறதே... அதைப்போல ஆபத்தானது வேறில்லை. அவனே வந்து கேட்பான், கேட்டால் கொடுத்துவிடலாம் என்றுதான் காத்திருந்தேன். அவன் வரவில்லை. விடிவதற்குள் கூடலூர்ப் பக்கம் போகிற வண்டியில் ஏறிவிட்டான். ஒரு காலில் மேஜோடு, மறு காலில் கிழிந்த சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அன்றைக்கும் பள்ளிக்கூடம் போனேன். பலப்பத்தை அந்தப் பையிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன்.

ஆவணிக் கடைசியில் தகவல் வந்தது. சவரிமுத்துவைத் தூளியில் கட்டி மலையிலிருந்து இறக்கியிருக்கிறார்கள், அடிவாரத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான், கால் அழுகிவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். மேஜோட்டை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போயிருந்தேன். எதற்கு எடுத்துப் போனேன்? இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

என்னைப் பார்த்ததும் அவனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பதினோரு மாதம் பேசாதவன் மாதிரியே இல்லை.

"வாண்ணே. அண்ணியாரு சொகமா? ஒண்ணு சொல்லணும்ணே... மேஜோடு போட்ட காலுல ஒரு கடி இல்ல தெரியுமா! என்னமா பின்னியிருக்காக அந்தச் சீமைக்காரவுக!"

இடுப்பில் சொருகியிருந்ததை வேட்டி மடிப்புக்குள் இன்னும் உள்ளே தள்ளினேன். அவனே தொடர்ந்தான்.

"இந்த மழைக்கும் தண்ணி ஒங்க சுவருலதான எறங்கியிருக்கும்? நான் வந்ததும் ஏறி ஓலையத் திருப்பி வச்சிர்றேன்ணே." சொல்லி முடித்தபிறகுதான் ஏற முடியாது என்பது அவனுக்கு நினைவு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெளியே வந்து, கட்டுப் போடுகிற டிரெஸ்ஸரைப் பிடித்தேன். அந்தக் காலிலும் மேஜோடு இருந்திருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன்.

"கல்லு பட்டிருக்கலாம், சேத்துத் தண்ணி பட்டிருக்கலாம், அட்டையாவும் இருக்கலாம். யாரு கண்டா?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

இடுப்பில் இருந்ததை வெளியே எடுக்காமலே ஊர் திரும்பினேன். மறுநாள் பலப்பங்களை ஓலைப்பெட்டிக்கு மாற்றினேன். ரொம்ப நல்ல காரியம், இல்லையா?

மலைக்குப் போன மற்றவர்கள் தை மாதம் திரும்பினார்கள். அவர்களுடைய மேஜோடுகள் நைந்து, கிழிந்து, மலையிலேயே கிடக்கின்றன. கால்கள் வந்துவிட்டன. சவரிமுத்து இப்போது கம்பை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வருகிறான். கயிறு திரிக்கிறான். கூரையை நான் ஆள் வைத்து என் செலவில் திருத்திவிட்டேன். அவன் மூன்று தரம் நன்றி சொன்னான். ஒவ்வொரு தரமும் எனக்கு யாரோ அறைந்த மாதிரி இருந்தது.

பெட்டி வந்த ஞாயிறு, தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு வீட்டில் படுத்திருந்தேனே, அன்று மத்தியானம் அருளாயி வந்தாள். கையில் துவைத்து மடித்த ஒரு மேஜோடு. சூசையம்மாளிடம் நீட்டினாள். குரலில் கோபம் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். இல்லை. இருந்திருந்தால் தூங்கியிருப்பேன்.

"யக்கா, அவரு இனிமே எங்கன மலைக்குப் போகப்போறாரு? இது ஒத்தையாக் கெடந்தா எலி இழுத்துட்டுப் போயிரும். ஒங்கள்ட்ட ஒண்ணு இருக்குல்ல, அதோட சேத்து வச்சுக்கங்க."

ஆக, வாசகர்களே, அந்தப் பெட்டியில் வந்த மேஜோடுகளில் பழுதில்லாத முழு ஜோடி இன்று எங்கள் ஊரில் ஒரே ஒரு வீட்டில்தான் இருக்கிறது — என் வீட்டில்.