கேன்டீன் டிவியில் ஓடிய முட்டி

ஹோட்டல் படுக்கை விரிப்புகளையும் அங்கே தங்குகிறவர்களின் துணிமணிகளையும் துவைத்துத் தரும் பெரிய சலவை நிலையம் அது. அங்கே வேலை பார்க்கும் ஒருத்தி தன் மேற்பார்வையாளரை, அதுவும் பழுதான காலால், நெஞ்சில் உதைத்து நாற்காலியோடு கவிழ்த்துவிட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு. தெருவுக்குத் தெரு அந்தப் பேச்சு சதை போட்டது. முதல் தெருவில் அவர் கவிழ்ந்தார். அடுத்த தெருவில் பல் போனது. பஸ் நிறுத்தத்தை எட்டியபோது அவருக்கு நினைவே திரும்பவில்லை. நினைவு திரும்பாத அந்த மனிதர் பெட்டிக்கடையில் நின்று சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

விசாரித்துப் பார்த்ததில், உதை என்று ஒன்று விழவே இல்லை. நடந்தது அதைவிட மோசம்.

அவளை நிலையத்தில் ‘டக்கு’ என்பார்கள். பெயர் சூட்டியவர் மேற்பார்வையாளர்தான். அவளுக்கு ஆவி இஸ்திரி இயந்திரத்தில் வேலை. வலது காலால் மிதியை அழுத்தினால் மேல்தட்டு இறங்கிச் சீறும். பிறகு விரிப்பைத் தூக்கிக்கொண்டு சட்டென்று திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில்தான் சில நாள் அவளுடைய முட்டிச் சில்லு ‘டக்’கென்று வெளிப்பக்கம் வழுக்கும். அலறிக்கொண்டு துணிமூட்டைமேல் விழுவாள். காலை நீட்டித் தளரவிட்டதும் சில்லு தானாகவே பழைய இடத்துக்கு வந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். மேற்பார்வையாளர் வந்து பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். முட்டியும் அவரும் கூட்டு என்றே அவளுக்குத் தோன்றியது.

“விரிப்பு மலையா குவியுற நாள்ல மட்டும் எப்படிம்மா உன் முட்டி விழுது?” என்றார் அவர். ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். எடுத்தாள். படுக்க வைத்து, காலை நீட்ட வைத்து, அசையக் கூடாது என்று சொல்லி எடுத்த படம். குறை ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது.

அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாரக் கடைசியில், சாப்பாட்டு வேளையில், கேன்டீன் டிவியில் மேற்பார்வையாளர் அந்த வாரத்துத் தப்புகளைப் படமாகக் காட்டுவார். கருகிய தலையணை உறை, கறை போகாத மேஜை விரிப்பு. தப்பு யாருடையதோ அவர் எழுந்து நிற்க வேண்டும். நிற்பவரின் சோறு ஆறும், மற்றவர்களுக்குத் தொண்டையில் இறங்காது. மேற்பார்வையாளர் மட்டும் ருசித்துச் சாப்பிடுவார். அந்த வாரம் அவள் முட்டியின் படம் வந்தது.

“நல்லா பாத்துக்குங்க. முட்டி கும்முன்னு இருக்கு. தப்பு முட்டில இல்ல, மேல மூளைல.”

சிரித்தார்கள். அவள் நின்றாள். மறுநாள் அவளைக் காலுறை ஜோடி சேர்க்கும் மேஜைக்கு மாற்றினார். அங்கே போனவர்கள் அடுத்துப் போவது வாசலுக்குத்தான். நடிப்பு என்று முதலாளியிடம் சொல்லி, கூடிய சீக்கிரம் அவளை அனுப்பிவிடுவதாகவும் அவர் வாய்விட்டே பேசினார்.

வீட்டில், வேன் ஓட்டும் கணவன் சமாதானம் சொன்னான். “விட்டுத் தள்ளு. வேற வேலையா கிடைக்காது?”

“வேலை போனாப் போவட்டும். அந்த ஆளு எந்திரிச்சு நிக்கணும்.”

“அவரு எப்பவும் நின்னுக்கிட்டுதானே இருக்காரு?”

“நான் நின்ன மாதிரி நிக்கணும்ங்க.”

அவள் இரண்டு காரியம் செய்தாள். முதலாவது, கஞ்சி போடுகிறவளிடம் சொல்லி மேற்பார்வையாளர் அங்கேயே துவைக்கப் போடும் கால்சட்டைக்கு மட்டும் இருமடங்கு கஞ்சி. அவர் உட்காரும்போதெல்லாம் அட்டை மடிவதுபோல் சத்தம் கேட்டது. இரண்டாவது, வேறொரு எலும்பு டாக்டரைத் தேடிப் போனாள். டாக்டரம்மா பழைய படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“தூங்குற பிள்ளையப் போட்டோ எடுத்துட்டு, சேட்டையே பண்ணாதுன்னு சொன்னா எப்படிம்மா? ஓடவிட்டுப் பாக்கணும்.”

முதலில் தொடையில் பசை தடவி ஸ்கேன் கருவியை உருட்டினார். “சில்ல உள்பக்கமா இழுத்துப் பிடிக்கிற சதை இது. தொடைய இறுக்குங்க.” இடது தொடையில் சதை புடைத்து எழுந்தது. வலது தொடையில் லேசாக நெளிந்து மறுபடி படுத்துக்கொண்டது.

“என்ன டாக்டர், வேலைக்கே வரலையா?”

“வருது. கையெழுத்து போட்டுட்டு டீக்குப் போயிடுது.”

அவளுக்கு ஒருவருடைய முகம் ஞாபகம் வந்தது.

அடுத்து, குழாய் போன்ற பெரிய இயந்திரத்துக்குள் காலை வைத்து, தொடையை இறுக்கி, முட்டியை மெல்ல மடக்கி நீட்டச் சொல்லி வரிசையாகப் படம் எடுத்தார்கள். கணினியில் ஓட்டியபோது, சாம்பல் நிற எலும்புப் பள்ளத்தில் நேராக வந்த சில்லு, கடைசியில் கரையேறி வெளியே சாய்ந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பயந்துட்டீங்களா? பயிற்சி கொடுத்து அந்தச் சதைய எழுப்பலாம். சரியா வரலைன்னா ஆபரேஷன் இருக்கு. மிதி வேலை மட்டும் கூடாது.”

“பயமில்ல டாக்டர். இனிக்குது. இத என் போனுக்கு அனுப்புவீங்களா?”

அடுத்த வாரக் கடைசி. மேற்பார்வையாளர் ஒரு கருகல் படத்தைக் காட்டிவிட்டுத் தட்டில் கை வைத்தபோது அவள் கையைத் தூக்கினாள்.

“சார், என் தப்பு ஒண்ணு இருக்கு. நானே காட்டிடறேன்.”

தானாக வந்து மாட்டுகிற ஆளை யார் வேண்டாம் என்பார்? டிவி ஒயரை அவரே எடுத்துக் கொடுத்தார். முட்டி திரையில் ஓடியது. சில்லு சாய்ந்ததும் யாரோ “ஐயோ!” என்றார்கள். கரண்டிச் சத்தம் நின்றது.

“அக்கா, இன்னொருவாட்டி போடுங்க!”

போட்டாள். திரும்பத் திரும்பப் போட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “தப்பு யாரோடதோ அவங்க எந்திரிச்சு நிக்கணும், அதானே சார்?”

“இது உன் முட்டிதான்னு என்ன நிச்சயம்? எங்கேயோ எவன் முட்டியையோ புடிச்சிட்டு வந்து…”

இந்தக் கேள்விக்காகவே அவள் வாரம் முழுக்கக் காத்திருந்தாள். ஒரு நாற்காலியை அவர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டினாள். “தொட்டுப் பாருங்க சார்.”

“தொடுங்க சார், தொடுங்க!” என்று கேன்டீனே கத்தியது. அவர் இரண்டு விரலை முட்டிமேல் வைத்தார். அவள் பல்லைக் கடித்துத் தொடையை இறுக்கினாள். விரலடியில் இருந்த எலும்பு நகர்ந்து போனது. அவர் முகம் துவைத்த விரிப்பாக வெளுத்தது. விலுக்கென்று எழுந்தார். ஆம், எழுந்து நின்றார். நின்றவர் நிற்க முடியாமல் நாற்காலியோடு சாய்ந்தார். பின்வரிசையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது நீட்டிய காலும் கவிழ்ந்த ஆளும்தான். ஊர்ப்பேச்சு பிறந்தது அங்கே.

முதலாளி காதுக்கு விஷயம் போனது. அவளுக்கு உட்கார்ந்து செய்யும் உருளை இஸ்திரி கிடைத்தது. டிவியில் தப்பு காட்டுவதும் நின்றது. ‘டக்கு’ என்ற பெயரை இப்போது யாரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை.

ஆனால் கவிழ்ந்ததில் அவர் முழங்கால் பெஞ்சில் மோதி வீங்கியது. எல்லோரும் பார்க்க, அவள் தன் பையிலிருந்த முட்டியை இறுக்கிப் பிடிக்கும் பழைய எலாஸ்டிக் உறையை எடுத்து அவர் காலில் தானே மாட்டிவிட்டாள். இரக்கம் என்று நினைப்பவர்களுக்கு அவளைத் தெரியாது. அதைப் போட்டுக்கொண்டு அவர் நிலையம் முழுக்க நொண்ட வேண்டும். அவளுக்கு வேண்டியது அதுதான்.

வீக்கம் வடிந்து வெகு நாளாகிவிட்டது. உறை திரும்பி வரவில்லை. நேரில் கொடுத்தால் ஏதாவது சொல்லியாக வேண்டும். முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை எது என்பது அவருக்கும் தெரியும். ஒருமுறை வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பிப் பார்த்தார்.

“நான் என் கையால குடுத்தேன் அண்ணே. அவரு கையாலதான் வாங்குவேன்,” என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

அது இன்னும் அவர் மேஜை இழுப்பறையில்தான் கிடக்கிறது.