படம் நின்ற நேரம்

தராசுக்காரருக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. கடைக்காரர்கள் கொண்டுவரும் எலக்ட்ரானிக் தராசுகளை ஒரு கிராம் பிசகாமல் சரிசெய்து கொடுப்பார்; ஆனால் டீயை நின்றுகொண்டுதான் குடிப்பார், சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிடுவார். "இந்தாளைத் தராசுல வச்சா நம்பரே நிக்காது" என்று பட்டறையில் கேலி பேசுவார்கள்.

அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் அந்தக் கேலி அடங்கிவிட்டது. விழுந்தது காலையில். அவர் வேலை முடிந்து வரும்வரை ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறாள். ஆபரேஷன் முடிந்து அவளை வீட்டுக்குக் கூட்டிவந்ததும் அவர் செய்த முதல் காரியம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு கம்ப்யூட்டர் போர்டை வாங்கி, அதில் பொத்தான் அளவு கேமராவைச் செருகி, கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியதுதான். வீட்டு வைஃபை வழியாக நேரடிப் படம் பட்டறையில் இருக்கும் அவர் போனுக்கு வந்துவிடும்.

வந்த படத்தை மனிதர் சும்மா பார்த்தாரா? அவள் போர்வையை விலக்கினால் போன். காலைக் கீழே தொங்கவிட்டால் போன்.

"எங்க எழுந்திரிக்கிற? படு."

"தண்ணி எடுக்கத்தாங்க."

"நான் வந்து எடுத்துத் தர்றேன். நீ படு."

அத்தனை தூரம் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுப்பாராம்.

ஆனால் காலை வேளைகளில் படம் நின்றுபோக ஆரம்பித்தது. அவள் படுத்தபடியே உறைந்திருப்பாள். கொஞ்ச நேரம் கழித்துப் படம் தானாக உயிர்பெறும். மின்சாரம் போதவில்லையோ என்று சார்ஜரை மாற்றினார். கேமராவின் பட்டை வயரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். போர்டு சூடாகிறதோ என்று குட்டி விசிறி வைத்தார். படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்தார். மனைவியின் மூக்கும் முழியும் கலங்கிப்போனதுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டிலிருந்தே போனை முறைத்துக்கொண்டிருந்தார், ஒரு தடவைகூட நிற்கவில்லை. திங்கட்கிழமை பட்டறைக்குப் போனதும் நின்றது.

ஒருநாள் படம் நின்றதும் அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை. கையில் பிடித்த ஸ்க்ரூடிரைவரோடு ஓடிப்போய் ஸ்கூட்டரைக் கிளப்பினார். வழியெல்லாம் அந்த ஈரத்தரைதான் கண்ணுக்குள் இருந்தது.

கதவைத் திறந்தார். ஹாலில், வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் மைக்ரோவேவ் அடுப்பு உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பெரிய கிண்ணத்தில் வெறும் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி, படுக்கையறையின் நட்டநடுவில், எதையும் பிடிக்காமல் அவர் மனைவி நடந்துகொண்டிருந்தாள். ஞாயிறு தவிர தினமும் காலையில் வந்துபோகும் பிசியோதெரபிப் பெண் பக்கத்திலேயே தாங்கத் தயாராக நின்றாள்.

மனைவி அவரைப் பார்த்தாள். அந்தக் கணமே முழங்கால் துவண்டது. அந்தப் பெண் சட்டென்று பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"பாத்தியா? இதுக்குத்தான் நான் சொல்றேன்."

"நல்லாத்தாங்க நடந்தேன்," என்றாள் மனைவி, மூச்சு வாங்க. "நீங்க பார்த்தாதான் எனக்குக் கால் நடுங்குது."

அவருக்குச் சுருக்கென்றது.

"கோவிச்சுக்காதீங்க சார்," என்றாள் பிசியோதெரபிப் பெண். "ஒத்தடப் பையைச் சூடு பண்ணத்தான் முதல்ல அடுப்பைப் போட்டேன். அது ஓடுறப்ப மட்டும் எழுந்தாலும் உங்க போன் வர்றதில்லன்னு அக்காதான் கண்டுபிடிச்சாங்க. அதுலேர்ந்து நடக்கிற நேரத்துக்குத் தண்ணிய வச்சு ஓட்டிடுவோம். இன்னும் ரெண்டு நாள்ல அக்கா சமையல்கட்டுக்கே போயிடுவாங்க பாருங்க."

சார்ஜர், வயர், விசிறி என்று எல்லாவற்றையும் குடைந்தவருக்கு ஹாலில் இருந்த அடுப்பு மட்டும் தோன்றவே இல்லை. அடுப்பின் அலை வைஃபையின் அலையை அமுக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வைஃபை பெட்டியைப் படுக்கையறைக்குள் நகர்த்தினால் போதும், படம் நிற்காது. பெட்டியின்மேல் கையை வைத்தார். மனைவி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேமராவையே கழட்டிடட்டுமா?"

"வேணாங்க. தனியா இருக்கிறப்ப அது ஒரு தைரியம்தான். நடக்கிறப்ப மட்டும் பார்க்காதீங்க."

பெட்டியின்மேல் இருந்த தூசியைத் தட்டிவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினார்.

இரண்டு நாள் கழித்து, காலையில் படம் நின்றது. கட்டில், போர்வை, அவள். கட்டைவிரல் தன்போக்கில் அழைக்கப் போனது. அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பட்டறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போனை மெல்ல நிமிர்த்தியபோது படம் உயிர்பெற்றிருந்தது. கட்டில் காலியாக இருந்தது.

அவர் அழைக்கவில்லை. கால் மட்டும் ஸ்டூலுக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது.