வசவு வாங்க ஆள் தேவை

திட்டு வாங்குவதற்கு ஆள் தேர்ந்தெடுப்பதும் ஒரு வேலைதான். சம்பளம் கிடையாது, நிம்மதியும் கிடையாது. தாம்பரம் சுற்றுவட்டாரத்துக்காக நான் நடத்தும் முகநூல் குழுவில் தண்ணீர் லாரி, மின்வெட்டு, ரயில் தாமதம் எல்லாம் பேசுவார்கள். பேசி முடித்ததும் அடித்துக்கொள்வார்கள். போன மழையில், முடிச்சூரில் வெள்ளத்துக்குள் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பம் படகு கேட்டுப் போட்ட பதிவு, தெருநாய்களைப் பற்றிய வாய்ச்சண்டை ஒன்றுக்கு அடியில் போய்விட்டது. யாரோ பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அடுத்த மழைக்குள், சண்டையை அடக்கிக் குழுவைப் பார்த்துக்கொள்ள எனக்கு ஒரு மாடரேட்டர் கிடைத்தாக வேண்டும். குழம்பு கொதிக்கும்போதுகூடக் கை போனுக்கே போகிறது. நீங்களும் எங்காவது அட்மினாக இருந்தால் இதைச் சொல்லவே வேண்டாம், புரியும்.

பரீட்சை எளிது. முத்துராமன் என்ற பெயரில் ஒரு போலிக் கணக்கு தொடங்கினேன். வருகிறவரிடம் ஒரு நாள் குழுவை ஒப்படைத்துவிட்டு, முத்துராமனாக நானே போய் வாய்க்கு வந்தபடி திட்டுவேன்.

சுத்தக்காரர்

முதலில் வந்தவர் பெருங்களத்தூரில் இருக்கும் ஐ.டி. இளைஞர். குப்பை வண்டி வரவில்லை, அட்மின் எல்லாம் தண்டம் என்று முத்துராமன் ஆரம்பித்தான். உடனே அவனை நீக்கினார். அந்தப் பதிவுக்கு லைக் போட்டவர்களை நீக்கினார். ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டவர்களையும் நீக்கினார். மாலையில் குழு சுடுகாடு மாதிரி கிடந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"இப்ப பாருங்க மேடம், எவ்ளோ பீஸ்ஃபுல்லா இருக்கு."

நேரில் போனவர்

அடுத்தவர் திருநீர்மலைப் பக்கம் பரம்பரையாக நிலபுலன் உள்ள பெரிய மனிதர். திட்டுக்குப் பதில் எழுதுவதெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை. எந்த வீட்டுப் பையன் என்று விசாரிப்பதுதான் பழக்கம். நாலு பேருக்குப் போன் போட்டு, பம்மலில் ஒரு நிஜ முத்துராமனைக் கண்டுபிடித்து, ஆட்களோடு போய் நின்றுவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த மனிதர் எச்சில் கையோடு எழுந்து வந்தாராம். நான் பதறிப்போய், பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"மன்னிப்பு கேட்டுகினான்மா. இன்னாத்துக்குக் கேட்டான்னு அவனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

பொறுமைசாலி

மூன்றாவது, பெரும்பாக்கத்தில் டியூஷன் எடுக்கும் ஒரு பெண். நான் ஒரு வரி திட்டினால் அவர் ஒரு பக்கம் விளக்கம் எழுதினார். நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. கடைசியில் எனக்குத்தான் விரல் வலித்தது. இதற்கிடையில் வேறு இரண்டு நிஜச் சண்டைகள் கொழுந்துவிட்டு எரிந்ததை அவர் பார்க்கவே இல்லை. போகும்போது முத்துராமனுக்காக வருத்தப்பட்டார்.

"பாவம் மேடம், அந்த ஆளுக்கு வீட்ல யாரும் முகம் குடுத்துப் பேசறதில்ல போல."

நஸ்ரீன்

வானம் கறுக்க ஆரம்பித்த நேரத்தில் வந்தாள் நஸ்ரீன். மேற்குத் தாம்பரத்தில் அப்பாவோடு பைக் உதிரிபாகக் கடை நடத்துகிறவள். தண்ணீர் லாரி வரவில்லை என்று முத்துராமன் வசவோடு கத்தினான். "வசவை எடுத்துட்டு மறுபடி போடுங்க, தண்ணி விஷயம் முக்கியம்" என்று மட்டும் எழுதினாள். மறுபடி திட்டியதும், அவன் ஒரு நாளைக்கு எதுவும் எழுத முடியாதபடி முடக்கிவைத்தாள். கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அன்றே அட்மின் அதிகாரம் முழுவதையும் அவளிடம் கொடுத்துவிட்டேன்.

மழை வந்தது. யாரோ ஒருவர் பழைய வெள்ளப் படத்தைப் போட்டு, ஏரி உடைந்துவிட்டது என்று கிளப்பிவிட்டார். ஊரே அலறியது. எனக்கு ரத்தம் கொதித்தது. எருமை, மூளை இருக்கா என்று என் சொந்தப் பெயரிலேயே எழுதினேன். அடுத்த பதிவு போகவில்லை. வெளியேற்றப்பட்டிருந்தேன், நான் தொடங்கிய குழுவிலிருந்து! கணவரின் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். பொய்ப் படம் இல்லை, என் எருமையும் இல்லை. பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணுக்கு வண்டி கேட்ட பதிவு உச்சியில் நின்றது; கீழே, வண்டி கிளம்பிவிட்டது என்று பதில். கண் கலங்கியது. ஆனாலும் ஆத்திரம் அடங்காமல் நஸ்ரீனைக் கூப்பிட்டேன்.

"படம் போட்டவரு, நீங்க, ரெண்டு பேரையும்தான் அக்கா வெளிய வச்சிருக்கேன். மழை விட்டதும் சேத்துக்கறேன், அதுவரைக்கும் கொஞ்சம் படுத்துத் தூங்குங்க."

நல்ல மாடரேட்டர் கிடைத்துவிட்டாரா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, முதல் அடி நம் முதுகில் விழுகிறதா என்று பார்ப்பதுதான்.